போர்க்கால போஸ்டரை அடியிலிருந்து படிப்பது எப்படி

பழைய போர்க்கால போஸ்டர் ஒன்று கையில் கிடைத்தாலும் சரி, கம்ப்யூட்டர் திரையில் கிடைத்தாலும் சரி, முதலில் படத்தைப் பார்க்காதீர்கள். கஷ்டம்தான். விரலை நீட்டும் மீசைக்காரர், கையை மடக்கிப் புஜம் காட்டும் பெண், மண்வெட்டியை மிதிக்கும் பூட்ஸ் கால், எல்லாமே கண்ணைப் பிடித்து இழுப்பதற்கென்றே போட்டவை. அதற்கு ஒரு நிமிஷம் இடம் கொடுக்காமல் தாளின் அடி ஓரத்துக்குப் போங்கள். பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அங்கிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும்.

நான் சிவகாசி அச்சகங்களில் பிளேட், அதாவது அச்சுத் தகடு, போட்டுப் பிழைத்தவன். கல்லில் வரைந்து அச்சடித்த லித்தோ காலத்தின் கடைசியையும் பார்த்தேன், ஆப்செட் வந்து எல்லாவற்றையும் மாற்றியதையும் பார்த்தேன். காலண்டர், தீப்பெட்டி லேபிள், சினிமா போஸ்டர், தேர்தல் போஸ்டர் என்று கையில் படாத தாள் கிடையாது. அந்தப் பழக்கத்தில் எதைக் கொடுத்தாலும் அச்சிட்டவன் பெயரைத்தான் முதலில் தேடுவேன். நம் ஊர் தேர்தல் போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவருடைய பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் கேஸ் ஆகிவிடும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு. போர் போஸ்டர்களிலும் இதே மாதிரி யார் காசு கொடுத்தார், யார் அடித்தார் என்ற விவரம் அடியில் ஒளிந்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகு இவற்றைப் பார்ப்பதே என் பொழுதுபோக்கு. பார்க்கும் முறையைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகள் சிலர் கேட்டார்கள். அதனால் இது.

அடி வரி

முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் ஆள்சேர்ப்பு போஸ்டர்கள் பலவற்றில் பார்லிமென்டரி ரெக்ரூட்டிங் கமிட்டி என்ற பெயரும் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். 1914 ஆகஸ்டில் கட்சி வித்தியாசம் இல்லாமல் எம்.பி.க்கள் சேர்ந்து அமைத்த குழு அது. தேர்தலுக்கென்று ஊர் ஊராக வைத்திருந்த ஆள்பலத்தை அப்படியே பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கத் திருப்பினார்கள். இரண்டாம் போருக்கு வந்தால், அரசின் ஸ்டேஷனரி ஆபீஸுக்காக இன்ன கம்பெனி அச்சிட்டது என்ற வரியும், பக்கத்தில் 51 என்று தொடங்கும் ஒரு எண்ணும் அடிக்கடி கண்ணில் படும். அமெரிக்க போஸ்டரில் அரசு அச்சகத்தின் பெயர், ஆண்டு, ஒரு ஜாப் நம்பர், அப்புறம் ஓ.டபிள்யூ.ஐ. போஸ்டர் எண் இத்தனை என்று இருக்கும். ஓ.டபிள்யூ.ஐ. என்பது 1942 ஜூனில் தொடங்கிய போர்த் தகவல் அலுவலகம். சிலவற்றில் கூடுதல் பிரதி வேண்டுமானால் வாஷிங்டனில் எந்தப் பிரிவுக்கு எழுத வேண்டும் என்றுகூடப் போட்டிருப்பார்கள்.

இந்த வரி எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். நீலச் சட்டை, சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட தலைத்துணி, மடக்கிய கை, மேலே 'நம்மால் முடியும்!' என்ற வாசகம். டீ ஷர்ட்டிலும் காபிக் கோப்பையிலும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க அரசு பெண்களை வேலைக்குக் கூப்பிட்ட போஸ்டர் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அடியில் பாருங்கள். 'பிப்ரவரி 15 முதல் பிப்ரவரி 28 வரை ஒட்டவும்' என்று இருக்கிறது. ஆண்டு 1943. ஒட்டச் சொன்னது வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் உற்பத்தி ஒருங்கிணைப்புக் குழு. ஒட்டிய இடம் அந்தக் கம்பெனியின் ஆலைச் சுவர்கள் மட்டும். அரசும் இல்லை, ஊர்த் தெருவும் இல்லை. இப்போது படத்துக்கு மேலே ஏறி அவள் காலரைப் பாருங்கள், வட்டமாக ஒரு பேட்ஜ் குத்தியிருக்கிறது. ஆலைக்குள் நுழையக் காட்ட வேண்டிய அடையாள வில்லை. அவள் ஏற்கெனவே வேலையில் இருப்பவள். வேலையில் இருப்பவர்களிடம், லீவு போடாமல், தகராறு பண்ணாமல் உற்பத்தியைக் கூட்டுங்கள் என்று நிர்வாகம் சொன்ன போஸ்டர் அது. ஓவியர் ஜே. ஹோவர்ட் மில்லர் அந்த வரிசையில் இன்னும் பல போஸ்டர்கள் போட்டிருக்கிறார். இரண்டு வாரம் தொங்கிவிட்டு மறைந்தது, 1980களில்தான் மறுபடி வெளியே வந்து பெண்ணுரிமைச் சின்னமாகிப் பேர் வாங்கியது. அந்தப் பேருக்கு அது தகுதியானதுதான். ஆனால் 1943-ல் அது செய்த வேலை வேறு.

(இவளை 'ரோஸி' என்று சொல்லிவிடுவார்கள். போர்க்கால ஆலைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு அமெரிக்காவில் வழங்கிய செல்லப்பெயர் அது. 1943 மே 29 தேதியிட்ட சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் அட்டைக்கு நார்மன் ராக்வெல் வரைந்த ரோஸி வேறு ஆள். மடியில் ரிவெட் அடிக்கும் துப்பாக்கி, கையில் சாண்ட்விச், காலடியில் ஹிட்லரின் புத்தகம் என்று சட்டமாக உட்கார்ந்திருப்பாள். எனக்கு அவளைத்தான் பிடிக்கும்.)

என்ன இல்லை?

அடி வரி முடிந்ததும் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து இரண்டு கேள்வி எழுதுங்கள். இந்த போஸ்டர் வந்த மாதத்தில் அந்த நாட்டில் என்ன இல்லை? அதற்காகப் பார்க்கிறவன் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும்? போர் போஸ்டரைப் படிக்க என்னிடம் உள்ள முறையே இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குத் துணை. போஸ்டர் அடிப்பது செலவு பிடித்த வேலை; தாளும் மையும் போர்க்காலத்தில் சும்மா கிடைக்காது. ஏதோ ஒன்று கிடங்கில் குறையாமல் எந்த அரசும் லட்சக்கணக்கில் அடிக்காது. தியாகம், தேசபக்தி என்று படம் எவ்வளவு பெரிதாகப் பேசினாலும் குறைந்துபோன அந்தச் சாமானைக் கண்டுபிடித்துவிட்டால் போஸ்டர் திறந்துகொள்ளும்.

1943-ல் வைமர் பர்செல் வரைந்த அமெரிக்க போஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு ஜாலியாகக் கார் ஓட்டிப் போகிறார். பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை. வெறும் கோடுகளால் வரைந்த உருவமாக ஹிட்லர் உட்கார்ந்திருக்கிறான். 'தனியாகப் போனால் ஹிட்லருடன் போகிறீர்கள்! இன்றே கார் பகிர்வுச் சங்கத்தில் சேருங்கள்' என்கிறது வாசகம். முதல் பார்வையில் பெட்ரோல் தட்டுப்பாடு என்றுதான் தோன்றும். கிழக்குக் கரையை விட்டால் அமெரிக்காவுக்குப் பெட்ரோல் பஞ்சம் ஏது? சொந்த எண்ணெய்க் கிணறுகள் இருந்த நாடு. அங்கே இல்லாமல் போனது டயர்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மலாயாத் தோட்டங்களும் அடுத்தடுத்து டச்சு கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் கைக்குப் போயின. அமெரிக்கா இறக்கிக்கொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு அந்தப் பக்கத்துச் சரக்கு. ஒரு லாரிக்கும் ஒரு விமானத்துக்கும் எத்தனை சக்கரம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இந்த ஆபத்து முன்கூட்டியே தெரிந்ததால்தான் அமெரிக்காவில் முதன்முதலாக ரேஷனுக்கு வந்த பொருள் டயர், அதுவும் சிங்கப்பூர் விழும் முன்பே, 1942 ஜனவரியில். ஜூனில் பழைய ரப்பர் திரட்டினார்கள். ரப்பர் செருப்பும் தோட்டத்துக் குழாயும் பெட்ரோல் பங்குகளுக்கு வந்தன. டிசம்பர் 1 முதல் நாடு முழுக்கப் பெட்ரோலுக்கும் அட்டை. காரை ஓடவிடாமல் செய்து டயரைக் காப்பாற்றுவதுதான் அதன் உள்நோக்கம். வேகத்தையும் மணிக்கு 35 மைலுக்குள் அடக்கினார்கள். வேகம் கூடினால் டயர் சீக்கிரம் தேயும்.

இங்கே நமக்கு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. மலாயாவில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும் பங்கு கங்காணி வழியாகக் கப்பலேறிப் போன தமிழ்க் குடும்பங்கள். ஜப்பானியர் வந்ததும் தோட்ட வேலை நின்றது. அவர்களில் ஏராளமானோரை சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள், நிறையப் பேர் திரும்பவில்லை. போஸ்டரில் தெரிவது ஒரு காலி இருக்கையும் ஹிட்லரும். ரப்பரை வெட்டியவர்களும் இல்லை, தோட்டங்களைப் பிடித்த ஜப்பானும் இல்லை. காலி இருக்கையில் யாரை உட்கார வைக்கலாம் என்று வரைந்தவர் யோசித்தபோது எல்லாருக்கும் தெரிந்த மீசை போதும் என்று முடிவு செய்திருக்கிறார். தொழில் என்று பார்த்தால் அது சரியான முடிவு.

இன்னொன்று இதைவிட விநோதம். 1943-ல் ஹென்றி கோர்னர் போட்டது. சமையல் சட்டியைச் சாய்த்துப் பிடித்த ஒரு கை. வழிகிற கொழுப்பு கீழே குண்டுகளாக வெடிக்கிறது. 'வீணாகும் கொழுப்பை வெடிமருந்துக்குச் சேமியுங்கள், உங்கள் கறிக்கடையில் கொடுங்கள்.' கொழுப்பிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து வெடிமருந்து. கறி பொரித்த சட்டியில் மிஞ்சும் எண்ணெயை டப்பாவில் ஊற்றி வைத்துக் கொண்டு போய்க் கொடுத்தால் கறிக்கடைக்காரர் காசு கொடுப்பார். பிற்பாடு ரேஷன் புள்ளியும் சேர்த்துக் கொடுத்தார்கள். என் இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் சொன்ன போஸ்டர் நான் பார்த்ததில்லை. என்ன வேண்டும், எதற்கு வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும், மூன்றும் ஒரே பார்வையில் முடிந்துவிடுகிறது. கலை விமர்சகர்கள் இதைப் பெரிதாகத் தூக்கிப் பேசுவது குறைவு. அடித்துக் கொடுத்தவன் கண்ணுக்கு இது அசல் வேலை.

பிரிட்டனில் 'வெற்றிக்காகத் தோண்டுங்கள்' என்ற இயக்கம் 1939-லேயே தொடங்கிவிட்டது. உணவில் பெரும்பகுதி கப்பலில் வர வேண்டிய தீவு. கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள். பூட்ஸ் கால் மண்வெட்டியை அழுத்தும் புகைப்பட போஸ்டர் அந்த இயக்கத்தினுடையது. முகம் கிடையாது, வெறும் காலும் மண்ணும். ஆணா பெண்ணா, பணக்காரனா ஏழையா என்ற பேச்சுக்கே இடமில்லை. காய்கறி போட வாடகைக்கு எடுக்கும் துண்டு நிலங்கள் போருக்கு முன் சுமார் 8 லட்சம் இருந்தது, 1943 வாக்கில் 14 லட்சமாகியது.

சில சமயம் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும்: என்ன அதிகமாகக் கிடக்கிறது? கேரட்டுக்குக் கைகால் முளைக்க வைத்து, மூக்குக்கண்ணாடி போட்டு, டாக்டர் கேரட் என்று பிரிட்டிஷ் உணவு அமைச்சகம் ஊரெல்லாம் சுற்ற விட்டதற்குக் காரணம், சர்க்கரை ரேஷனில் இருந்தது, கேரட் தேவைக்கு மேல் விளைந்து கிடந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து ஊர் விளக்கையெல்லாம் அணைத்த இருட்டில் தடுக்கி விழாமல் நடக்கக் கேரட் சாப்பிடுங்கள் என்றார்கள். இரவில் ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்திய பைலட்டுகளின் கண்பார்வைக்கும் கேரட்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. விமானத்தில் இருந்தது ரேடார்.

யார் யாரைப் பார்க்கிறார்கள்?

இப்போது படத்துக்கு வரலாம். முகம் முகமாக எடுத்து, கண் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.

நேராக உங்களைப் பார்க்கிற வகைதான் எல்லாருக்கும் தெரிந்தது. பிரிட்டனின் போர் அமைச்சர் கிட்சனர் விரலை நீட்டும் படத்தை ஆல்ஃபிரட் லீட் வரைந்தார். அது 1914 செப்டம்பர் 5 தேதியிட்ட லண்டன் ஒப்பீனியன் வார இதழின் அட்டையாகத்தான் முதலில் வந்தது. அந்த யோசனையை எடுத்து ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃபிளாக், அமெரிக்காவின் உருவமாக வரையும் தாடித் தாத்தா அங்கிள் சாமுக்கு மாட்டினார். அதுவும் ஒரு வாரப் பத்திரிகை அட்டையில் 1916-ல் வந்துவிட்டு, அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு போஸ்டரானது. மாடலுக்குத் தேடி அலையாமல் தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்து, வயதைக் கூட்டி, ஆட்டுத்தாடி ஒட்டிக்கொண்டார். 1917–18-ல் 40 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். அந்த ரன் ஓட்டிய மெஷின்காரர்களை நினைத்தால் எனக்குக் கை வலிக்கிறது. போஸ்டரைப் பற்றி எனக்கு அவ்வளவு பெரிய அபிப்பிராயம் கிடையாது. விரல் நீட்டிக் கேட்பதில் அதட்டல் இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சேவில் லம்லியின் 1915 போஸ்டர் வேறு ரகம். அதை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். நல்ல வசதியான வீடு. சாய்வு நாற்காலியில் அப்பா, கோட்டு சூட்டு, வழித்து வாரிய தலை. மடியில் பெண் குழந்தை, அவள் முன்னால் விரித்த புத்தகம், விரல் ஒரு வரியில் நிற்கிறது. தரையில் பையன் பொம்மைச் சிப்பாய்களை வரிசையாக நிறுத்துகிறான். பின்னால் ஜன்னல் திரையில் ரோஜாப் பூ. அடியில் கையெழுத்து மாதிரி சாய்ந்த எழுத்தில், 'அப்பா, பெரிய போரில் நீங்க என்ன செய்தீங்க?' குழந்தை அப்பாவைப் பார்க்கிறாள். பையன் பொம்மையைப் பார்க்கிறான். அப்பா இருவரையும் பார்க்காமல், கன்னத்தில் கை வைத்து, தாளுக்கு வெளியே உங்களைப் பார்க்கிறார். உதவிக்கு உங்களைத்தான் கூப்பிடுகிறார் போலிருக்கிறது.

இதில் உள்ள தந்திரத்தைக் கவனியுங்கள். 1915-ல் போர் எப்போது முடியும், யார் ஜெயிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. படத்திலோ போர் முடிந்து, ஜெயித்து, பாடப்புத்தகத்தில் ஏறி, அப்பாவுக்கு இரண்டு குழந்தையும் பிறந்தாகிவிட்டது. துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை, எதிரி இல்லை. ஊரில் ஆள் என்ன சொல்வான் என்ற பயத்தை எடுத்து, நாளைக்குப் பிறக்கப் போகிற மகள் என்ன சொல்வாள் என்று மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இது கொடூரமான போஸ்டர் என்றுதான் படுகிறது; கட்டமைப்பில் குறை சொல்லவும் முடியவில்லை. இந்தக் கேள்வி உதித்தது ஒரு அச்சகக்காரர் வீட்டில். ஜான்சன் ரிடில் என்ற லண்டன் அச்சகத்தின் ஆர்தர் கன், பட்டாளத்தில் சேரலாமா வேண்டாமா என்று யோசித்தபோது, பின்னாளில் தன் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்று மனைவியிடம் சொன்னாராம். மகன் பிற்காலத்தில் சொன்ன கதை. அந்த அச்சகத்தின் பெயர் போஸ்டர் அடியிலேயே இருக்கிறது.

சீட்டில் உள்ள முதல் கேள்விக்கும் பதில் எழுதிவிடுவோம். இல்லாமல் போனது ஆள். பிரிட்டன் 1916 ஜனவரியில்தான் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை வருகிறவனாக வந்தால்தான் உண்டு. சட்டம் வந்த பிறகு இந்த மாதிரி குத்திக்காட்டும் போஸ்டருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அப்புறம் வந்தவை பெரும்பாலும் பணமும் ரொட்டியும் கேட்டன.

யாரும் உங்களைப் பார்க்காத போஸ்டர்களும் உண்டு. ஃபூகாஸ் என்ற பெயரில் கார்ட்டூன் போட்ட சிரில் கென்னத் பேர்டு 1940-ல் செய்த 'கவனக்குறைவான பேச்சு உயிரைக் குடிக்கும்' வரிசை அப்படி. முதல் போரில் துருக்கியின் கலிப்போலியில் அடிபட்ட மனிதர். இந்த வேலைக்குக் காசு வாங்கவில்லை. சிவப்பு பார்டர், நடுவில் ஏகப்பட்ட வெள்ளை, அதற்குள் சின்னதாக ஒரு சித்திரம். ஒன்றில் இரண்டு பெண்கள் வண்டியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். பின் சீட்டில் ஹிட்லரும், நெஞ்சு நிறைய மெடல் குத்திய அவன் விமானப்படைத் தலைவன் கோரிங்கும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். வேறொன்றில் சுவர்த்தாளின் டிசைனே ஹிட்லர் முகமாக இருக்கிறது. சின்னத் தாள், சின்னப் படம். கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும், போனால் சிரிப்பு வரும், சிரித்தவன் பக்கத்தில் நிற்பவனுக்குக் காட்டுவான். இவ்வளவு வெள்ளை விட்டு ஒரு போஸ்டரை எங்கள் ஊரில் கொடுத்திருந்தால், மிச்ச இடத்தில் என்ன போடலாம் என்று ஆர்டர் கொடுத்த பார்ட்டி கேட்டிருப்பார்.

இதே விஷயத்துக்கு ஏப்ரம் கேம்ஸ் 1942-ல் செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேசுகிற சிப்பாயின் வாயிலிருந்து சுருள் சுருளாக ஒரு கோடு கிளம்பி, போகப் போகக் கத்தியாகி, மூன்று சிப்பாய்களை ஊடுருவிக் குத்துகிறது. சிரிப்புக்கு இடமே இல்லை. ஃபூகாஸ் பேசியது டீக்கடை ஜனங்களிடம். கேம்ஸ் பேசியது பட்டாளத்துக்குள். யாருக்காக என்று தெரிந்தால்தான் எது நல்ல போஸ்டர் என்ற விவாதத்தைத் தொடங்க முடியும்.

ஒட்டினார்களா?

இன்றைக்குப் பிரபலமாக இருக்கிறது என்பதற்காக அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். 'பதறாதே, வேலையைப் பார்' என்ற சிவப்பு போஸ்டரை, மேலே கிரீடம் போட்டு, 1939-ல் பிரிட்டிஷ் தகவல் அமைச்சகம் கிட்டத்தட்ட 25 லட்சம் அடித்தது. பெரிய குண்டுவீச்சு நடந்த பிறகு ஒட்டலாம் என்று கட்டிக் கிடங்கில் போட்டார்கள். கட்டுப் பிரிக்கவே இல்லை என்று சொல்லலாம். தாள் தட்டுப்பாடு வந்ததும் 1940-ல் கூழாக்கப் போய்விட்டது. 2000-ல் வடக்கு இங்கிலாந்தில் ஆல்ன்விக் என்ற ஊரில் பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் ஏலத்தில் எடுத்த பெட்டியின் அடியில் ஒன்று கிடந்தது. கடையில் மாட்டினார், கேட்டவர்களுக்கு நகல் போட்டு விற்றார். இன்று உலகம் அறிந்த அந்த போஸ்டரைப் போர்க்கால ஜனங்கள் பார்க்கவில்லை.

அதோடு பிறந்த இன்னொரு போஸ்டரை ஒட்டத்தான் செய்தார்கள்: 'உங்கள் துணிவு, உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி எங்களுக்கு வெற்றி தேடித் தரும்.' கஷ்டப்படுவது ஜனங்கள், வெற்றி மேலே இருப்பவர்களுக்கா என்று முணுமுணுப்பு கிளம்பியது. என் இரண்டாவது கேள்வியை இதனிடம் கேட்டுப் பாருங்கள். நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும்? பதில் கிடையாது. தைரியமாக இரு என்றால் எங்கே போய் வாங்குவது? கறிக்கடை போஸ்டரை நான் ஏன் அப்படித் தூக்கிப் பேசினேன் என்று இப்போது புரியும்.

ஓர் இடத்தில் மட்டும் என் முறைக்கு வெளியே போய் யோசிக்கச் சொல்வேன். 'உணவு ஒரு ஆயுதம், வீணாக்காதீர்கள்' என்ற அமெரிக்க போஸ்டர் 1943-ல் வந்தது. காலியான தட்டு, துடைத்து வழித்துச் சாப்பிட்ட அழகு. அதே ஆண்டுதான் வங்காளப் பஞ்சம், முப்பது லட்சம் பேர் வரை செத்தார்கள். போஸ்டருக்கும் பஞ்சத்துக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆனாலும் ஒரு கூட்டணியின் சுவரில் எது ஏறியது, எது ஏறவில்லை என்று பார்க்க, ஆண்டை வைத்து இப்படி இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது உதவும்.

அசலா நகலா?

வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு. பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று, கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு ஒன்று, ஒரு டேப். இவ்வளவு போதும்.

முதலில் அளவெடுங்கள். பிரிட்டிஷ் போஸ்டர்களில் சாதாரணமான அளவு டபுள் கிரௌன், 20க்கு 30 இன்ச். நம் பிரஸ்களில் இன்றும் அதே பெயர், அதே அளவு. அமெரிக்க அரசு போஸ்டர்களில் 28க்கு 40, 22க்கு 28 நிறைய உண்டு. அந்த நம்மால் முடியும் போஸ்டர் 17க்கு 22. கையில் இருப்பது ஏ3, ஏ2 என்று வந்தாலோ, 24க்கு 36 என்று வந்தாலோ கடைச் சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் கண்ணாடி. முதல் போர் காலத்துக் கலர் போஸ்டர்கள் பெரும்பாலும் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ கையால் வரைந்து அடித்தவை, ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனியாக. கண்ணாடியில் பார்த்தால் சாக்பீஸ் தேய்த்தது போல ஒழுங்கில்லாத பொடிமணல் தெரியும். வண்ணங்கள் சேரும் ஓரத்தில் ரிஜிஸ்டர், அதாவது ஒரு வண்ணம் இன்னொன்றோடு பொருந்துவது, மயிரிழை விலகியிருக்கும். அந்தக் காலத்துப் படத்தில் நான்கு வண்ணப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூ வட்டமாக அடுக்கியிருந்தால் அது ஸ்கேன் செய்து போட்ட நகல். புள்ளி ஒழுங்கில்லாமல் மை தெளித்த மாதிரி இருந்தால் இங்க்ஜெட். இரண்டாம் போர் சரக்குக்கு இந்த விதி செல்லாது. அப்போது போட்டோ ஆப்செட் வந்துவிட்டதால் அசலிலும் புள்ளி இருக்கும். அங்கே கைகொடுப்பது ஊதா விளக்கு. தாளை வெள்ளைவெளேர் என்று காட்டச் சேர்க்கும் ரசாயனம் 1950 வாக்கில்தான் தாள் ஆலைகளில் பரவியது. அறையை இருட்டாக்கி விளக்கைக் காட்டுங்கள். அசல் தாள் மங்கலாக நிற்கும், புதுத் தாள் நீலம் பாரித்துப் பளீரென்று அடிக்கும்.

மடிப்புக் கோடு இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அமெரிக்க அரசு போஸ்டர்களை மடித்துத்தான் தபாலில் அனுப்பினார்கள். இரண்டாம் போர் போஸ்டரில் நேரான மடிப்பு இருப்பது நல்ல சகுனம். மடிப்பின் மேல் மை உதிர்ந்து வெள்ளை நூல் தெரிய வேண்டும். மடிப்பு இருக்கிறது, மை உதிரவில்லை என்றால் மடிப்பையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள்.

காசு செலவழிக்க வேண்டாம், பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இம்பீரியல் வார் மியூசியம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் மூன்றும் இணையத்தில் ஆயிரக்கணக்கில் ஏற்றி வைத்திருக்கின்றன. அமெரிக்க அரசே தயாரித்தவற்றுக்குக் காப்புரிமை இல்லை. பெரிய ஃபைலாக இறக்கி பிரின்ட் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். இறக்கும்போது அடி ஓரம் வெட்டுப்படாத ஸ்கேனாகப் பார்த்து எடுங்கள்.

அசல் கிடைத்துவிட்டால் லாமினேஷன் கடைப் பக்கம் போகாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் மையும் கூட வரும். பிரேம் போடுகிறவரிடம் ஹார்டுபோர்டில் பசை வைத்து ஒட்டக் கூடாது, கண்ணாடி தாளைத் தொடக் கூடாது என்று இரண்டையும் வாயால் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் ஒட்டிவிடுவார். அமிலமில்லாத தாள் கேட்டு வாங்கி இடையில் வைக்க வேண்டும். வெயில் விழும் சுவர் ஆகாது, குளியலறையை ஒட்டிய சுவரும் ஆகாது. மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை பின்பக்கத்தைத் திருப்பி ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்த் தாளானாலும் வெள்ளைக்காரன் தாளானாலும் அதற்கு ஒன்றுதான்.